பதக்கம் எதற்குச் சாட்சி?



நம் செஞ்சிச் சீமையில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. விடுமுறையில் வரும் சிப்பாயின் சட்டையில் வரிசையாகத் தைத்திருக்கும் நிற நாடாக்களைத் தெருப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். "இது எதுக்குக் குடுத்தாங்க மாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியது, விடையோ அவ்வளவு சிறியதல்ல. வீரப் பதக்கம் எதைப் புகழ்கிறது? மனிதனுடைய தைரியத்தையா, அவன் செய்த காரியத்தையா? இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒன்றல்ல என்பதையும், ஒன்றென்று எண்ணிவிடுவதால் நம் ஆத்துமத்துக்கு வரும் கேடு இன்னதென்பதையும் இந்த வாரம் சற்றே சிந்திப்போம்.

உதாரணமாக, இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களை ஏன் தெரிந்தெடுக்க வேண்டும்? அத்தனை பெரிய தைரியமும், அத்தனை சந்தேகத்துக்குரிய காரியமும் ஒரே விமானத்துக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்ததை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

லங்காஸ்டர் என்னும் இங்கிலீஷ் விமானத்தில் ஏழு பேர் பறந்தார்கள். விமானி ஒருவர், இயந்திரங்களைக் கவனிக்கும் பொறியாளர் ஒருவர், வழி கணிக்கும் நாவிகேட்டர் ஒருவர், குண்டு வீசுகிறவர் ஒருவர், கம்பியில்லாத் தந்திக்காரர் ஒருவர், முதுகிலும் வாலிலுமாகத் துப்பாக்கி பிடிக்கிறவர்கள் இருவர். இரவிலே புறப்பட்டு ஏழெட்டு மணி நேரம் இருட்டிலும் உறைபனிக் குளிரிலும் போய்வர வேண்டும். வாலில் உட்காருகிறவனுக்குத் தோழன் முகம்கூடத் தெரியாது. கீழிருந்து பீரங்கி சுடும், பக்கத்திலிருந்து பகைவிமானம் சுடும். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இப்படி 30 முறை போய்வந்தால்தான் ஒரு தவணை முடியும். இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் மாண்டார்கள். இனிப் பறக்க முடியாது என்று மனம் உடைந்து சொன்னவனையோ, "மனோதிடம் அற்றவன்" என்று ஏட்டில் எழுதி அவமானத்தோடு விலக்கினார்கள். ஒரு பக்கம் பதக்கம், மறுபக்கம் இந்த முத்திரை. நடுவிலே இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்.

அவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்றும் எண்ண வேண்டாம். நம் இந்திய தேசத்தவரான சைலேந்திர ஏக்நாத் சுக்தாங்கர் என்பவர் லங்காஸ்டர் விமானங்களில் நாவிகேட்டராகப் பறந்தார். பின்வரும் விமானங்களுக்கு இலக்கைக் காட்ட முன்னே சென்று வெளிச்சக் குண்டு போடும் பாத்ஃபைண்டர் படையில் இருந்து, டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்னும் சிலுவைப் பதக்கம் பெற்றார். பக்கத்துத் தீவாகிய இலங்கையைச் சேர்ந்த ரோகன் அமரசேகர என்பவரும் நாவிகேட்டர்தான். அதே பதக்கத்தை இரண்டு தரம் பெற்றவர். 1962-இல் அந்நாட்டு விமானப் படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட முதல் இலங்கையரும் அவரே.

இனி, இந்தப் பதக்கத்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். சிலுவை வடிவான இந்த கிராஸ் அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. அதே விமானத்தில், அதே இரவில், அதே நெருப்புக்குள் பறந்தவன் சார்ஜெண்டாக இருந்தால் அவனுக்கு நீள்வட்டமான வேறொரு மெடல். 1918-இல் உண்டான இந்தப் பேதம் 1993 வரையில் நீடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அதிகாரிகளுக்குக் கிடைத்த கிராஸ் 20,000-க்கு மேல். மற்றவர்களுக்குக் கிடைத்த மெடல் 6,600-க்குச் சற்று அதிகம். மரண பயத்துக்குப் பதவி வித்தியாசம் தெரியாது. மனிதர் செய்த பதக்கத்துக்கோ தெரிந்திருந்தது. இன்னொன்றும் கேளுங்கள். பகைவர் முன் வீரம் காட்டி மாண்டவனுக்கு அந்நாளைய இங்கிலீஷ் சட்டப்படி விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம். அல்லது அறிக்கையில் பெயர் குறிப்பிடலாம். நடுத்தரமான மற்றப் பதக்கங்களில் ஒன்றும் இறந்தவனுக்குக் கிடையாது. 1979-இல்தான் அந்த விதி மாறியது. ஆகவே திரும்பி வந்தவனுக்குக் கிராஸ். திரும்பாதவனுக்குக் கல்லறைக் கல், அதுவும் உடல் கிடைத்திருந்தால்.

நம் முன்னோர் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அயலான செங்கம் வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நடுகற்கள் நிற்கின்றன. அவை எல்லாம் இறந்தவனுக்கு நட்டவை. செஞ்சிக்கோட்டையின் தேசிங்கு ராஜன் 1714-இல் ஆர்க்காட்டு நவாப்பின் சேனையோடு பொருது தோற்று மடிந்த வாலிபன். நம் கூத்தும் கதைப்பாட்டும் வென்ற நவாப்பை விட்டுவிட்டு, தோற்றவனையே தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகின்றன. வீரம் வேறு, வெற்றி வேறு என்பதைச் செஞ்சி மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பதக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: கண்ட சாட்சி வேண்டும். நார்மன் ஜாக்சன் என்ற சார்ஜெண்டின் கதையைக் கேளுங்கள். அவர் விமானப் பொறியாளர். தம் கணக்குப்படி 30 பயணங்களையும் முடித்துவிட்டார், வீட்டுக்குப் போயிருக்கலாம். தம் தோழர்களுக்கு இன்னும் ஒன்று பாக்கியிருந்தபடியால் அவர்களைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே போனார். அது 1944 ஏப்ரல் 26-ஆம் தேதி இரவு. ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் நகரம். குண்டுகளைப் போட்டபின் பகைவிமானம் சுட்டு, இறக்கையில் நெருப்புப் பற்றிக்கொண்டது. ஜாக்சன் தீயணைக்கும் கருவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில், பறக்கிற விமானத்தின் இறக்கைமேல் தவழ்ந்தார். அவருடைய பாரசூட் உள்ளேயே விரிந்துவிட்டது. தோழர்கள் அதன் கயிறுகளைக் கையால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். கருவி காற்றில் பறந்துபோயிற்று. கையும் முகமும் வெந்து, பாதி எரிந்த பாரசூட்டோடு கீழே விழுந்து, கணுக்கால் ஒடிந்து, விடிந்தபின் தவழ்ந்தே ஒரு கிராமத்தை அடைந்து சிறைப்பட்டார். ஏழு பேரில் விமானியும் வால் துப்பாக்கிக்காரரும் மாண்டார்கள். யுத்தம் முடிந்து மற்ற நால்வரும் சிறையிலிருந்து மீண்டு சொன்னபோதுதான் உலகம் இதை அறிந்தது. 1945 அக்டோபரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. அந்த நால்வரும் மாண்டிருந்தால்? ஜாக்சன் செய்தது குறைந்திருக்குமோ? ஒரு எள்ளளவும் குறைந்திராது. சர்வேசுரன் ஒருவரே அதைக் கண்டவராக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி நம் மிஸ்டேர் ரக விமானங்கள் பாகிஸ்தானத்துச் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கச் சென்றன. குடகு நாட்டவரான ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா அதில் போய்த் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. தம் விமானத்தைக் காட்டிலும் மிக வேகமான ஸ்டார் ஃபைட்டர் விமானத்தை எதிர்த்து நின்று வீழ்த்தித் தாமும் மாண்டார் என்பது, பல ஆண்டு கழித்து, பகைவர் தரப்புச் செய்தியைக் கொண்டு ஒரு இங்கிலீஷ்காரர் எழுதிய புத்தகத்தால் தெரியவந்தது. 1988-இல், இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது, மனைவி பெற்றுக்கொண்டார். அவருக்குச் சாட்சி சொன்னது அவர் எதிர்த்துப் போரிட்ட பகைவர் தரப்பு. நம் தேசத்து வீரச் சக்கரங்கள் 1950-இல் ஏற்பட்டபோதே அதிகாரி, சிப்பாய் என்ற பேதமின்றியும், இறந்தவர்க்கும் உண்டு என்றும் வகுக்கப்பட்டன. இது நாம் சந்தோஷப்பட வேண்டிய காரியம்.

இதுவரையில் தைரியத்தைப் பேசினோம். இனிக் காரியத்தைப் பேசவேண்டும். இங்கேதான் கால் தயங்குகிறது.

அந்த விமானங்கள் எதன்மேல் குண்டு போட்டன? தொழிற்சாலை, ரயில் நிலையம், துறைமுகம், அணை என்று பல உண்டு. ஆனால் 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி இங்கிலாந்தின் விமான அமைச்சகம் அனுப்பிய கட்டளை, பகைநாட்டுக் குடிமக்களின், முக்கியமாய்த் தொழிலாளரின் மனத்தை முறிப்பதே இனி முதல் நோக்கம் என்று வைத்தது. அதாவது, மக்கள் குடியிருக்கும் நகரமே இலக்கு. 1945 பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு டிரெஸ்டன் நகரம் எரிந்தது. மறுநாள் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூச வேண்டிய நாளில் நகரமே சாம்பலாயிற்று. இறந்தவர்கள் 25,000 பேர் வரை. அதே ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி ஜப்பானின் நாகசாகி. அணுகுண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் 500 மீட்டரில் ஊரகாமி மாதா பேராலயம். தேவமாதாவின் ஆரோபணத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. குருக்களும் விசுவாசிகளும் அங்கேயே மாண்டார்கள். அந்தப் பங்கில் இருந்த சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருக்கள் இல்லாமலே, மறைவாக விசுவாசத்தைக் காத்துவந்த பரம்பரையினர் அவர்கள். குண்டு போட்ட விமானத்தின் விமானியும் கத்தோலிக்கரே; அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. மூன்று நாளைக்கு முன் ஹிரோஷிமாவில் குண்டு போட்டுத் திரும்பிய பால் டிபெட்ஸ் விமானத்தை விட்டு இறங்கிய இடத்திலேயே சேனாபதி அவர் மார்பில் சிலுவைப் பதக்கத்தைக் குத்தினார். அந்நேரம் ஹிரோஷிமா இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். விமானத்துக்குக் கீழே நின்றவர்கள் நாமும்தான். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி, அது உயிர்ப்புத் திருநாள், ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்தின்மேல். அந்த மாதம் சென்னைப் பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சோடு திரள்திரளாய் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். 1943 அக்டோபரில் சென்னையின்மேலும் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுப் போயிற்று. அந்த ஜப்பானிய விமானிகளும் தங்கள் ஊரிலே வீரர்கள்தான். மேலே இருப்பவனுக்கு அது வீரம். கீழே இருக்கும் தாய்க்கு அது பிள்ளையின் பிணம்.

"சாமி, ஹிட்லரை எதிர்த்தது நியாயமில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயந்தான். லட்சக்கணக்கான யூதரை விஷப் புகையிட்டுக் கொன்ற ஆட்சியை ஆயுதங்கொண்டு தடுத்தது நியாயமான யுத்தமே. ஆனால் நியாயமான யுத்தத்தில் செய்யப்படுகிற ஒவ்வொன்றும் அதனால் நியாயமாகிவிடாது. வழக்கு நியாயமாயிருப்பதனால் பொய்ச்சாட்சி சொல்லலாமென்று உங்களில் யாராவது சொல்வீர்களா? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது. தேசத்தைக் காக்கும் சேவையில் நேர்மையாக நிற்கும் போர்வீரர் சமாதானத்துக்கே ஊழியஞ்செய்கிறார்கள் என்று கனப்படுத்தியது. முழு நகரங்களையும் குடிமக்களோடு வேறுபாடின்றி அழிப்பதோ சர்வேசுரனுக்கும் மனிதனுக்கும் விரோதமான குற்றம் என்று தீர்ப்பளித்தது. போர்வீரனைக் கனப்படுத்த வேண்டும். செயலை நிறுத்துப் பார்க்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடலாகாது.

இதற்குத் திருச்சபையின் பழைய போதனை துணைநிற்கிறது. விவேகம், நீதி, திடம், மட்டுத்திட்டம் என்ற நான்கு தலையான புண்ணியங்களைச் சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். இவற்றில் திடம் தனியே நிற்காது. நீதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். நீதியை விட்டுப் பிரிந்த திடம் அக்கிரமத்துக்குக் கடப்பாரையாகும் என்பது அர்ச். அம்புரோசியார் கருத்து. திருடனுக்கும் தைரியம் வேண்டும். ஆனால் அதைப் புண்ணியம் என்று நாம் சொல்வதில்லை. திடத்தின் முதன்மையான செயல் பாய்ந்து தாக்குவது அல்ல, அசையாமல் தாங்குவதே என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதித்தார். அந்த விமானத்தின் இருட்டில் ஏழெட்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டே தன் இடத்தை விட்டு அசையாதிருந்த வாலிபனிடத்தில் அந்தத் தாங்கும் திடம் மெய்யாகவே இருந்தது. அதை மறுப்பது அநீதி. அது எதற்குப் பயன்பட்டது என்று கேளாதிருப்பதும் அநீதி.

நம் நடுகற்களைப் பாருங்கள். ஊர் மாடுகளைக் கள்ளர் ஓட்டிப்போகையில் மீட்கப் போய் மடிந்தவனுக்கும் கல் உண்டு. அயலூர் மாடுகளை ஓட்டிவரப் போய் மடிந்தவனுக்கும் கல் உண்டு. கல்லின் உயரம் ஒன்றே. உருவமும் ஏறக்குறைய ஒன்றே. தைரியத்துக்குக் கல் சாட்சி சொல்கிறது. மாடு யாருடையது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியை உயிரோடிருக்கும் நாம்தான் கேட்க வேண்டும். பதக்கமும் அப்படியே.

சரி, எப்படிக் கேட்பது? ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். எந்தப் பதக்கத்தைப் பார்த்தாலும், "இவன் யாரைக் காக்கத் துணிந்தான்?" என்று கேளுங்கள். ஜாக்சன் இறக்கைமேல் தவழ்ந்தது ஆறு தோழர்களைக் காக்க. அதிலே மாசில்லை, எந்தக் கட்சியினனும் அதற்குத் தலைவணங்கலாம். இன்னொரு உதாரணமும் உண்டு. லியோனார்டு செஷயர் என்ற விமானி 1944 பிப்ரவரி மாதத்து ஓர் இரவில் பிரான்சு தேசத்து லிமோஜ் நகரில் ஒரு தொழிற்சாலையைத் தாக்க அனுப்பப்பட்டார். ஜெர்மானியருக்கு விமான இயந்திரம் செய்த தொழிற்சாலை அது. இரவு வேலையிலிருந்தவர்களோ பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் குண்டு போடுமுன் தம் பெரிய விமானத்தைக் கூரைமட்டத்துக்குத் தாழ்த்தி மூன்று தரம் மேலே சுற்றிச் சத்தமெழுப்பி, அவர்கள் வெளியே ஓடித் தப்பக் காலம் கொடுத்தார். பிறகுதான் இலக்கைக் குறித்தார். சத்தங்கேட்டு எழுந்த பகைவன் சுட்டிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். 20,000 அடியிலிருந்து பார்த்தால் மனிதர் தெரியமாட்டார்கள். வெளிச்சமும் நெருப்பும்தான் தெரியும். தாழ இறங்கிப் பார்க்கவும் ஒரு தைரியம் வேண்டும். கீழே இருப்பவன் மனிதன் என்று கண்டுகொள்ளத் துணிவதே தைரியங்களில் கடினமானது.

ஆனால் தாழ இறங்க அனுமதி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. நள்ளிரவில் டிரெஸ்டன்மேல் பறந்த ஒரு தந்திக்கார வாலிபனை நாம் என்னென்று சொல்வது? "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்கிறோம். பழமொழி நல்லதே. சாவான பாவத்துக்குப் பூரண அறிவும் பூரண சம்மதமும் வேண்டுமென்று திருச்சபையும் போதிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் குறைவே. ஆனாலும் மனிதன் அம்பு அல்ல. அம்புக்கு மனச்சாட்சி இல்லை, பதக்கமும் குத்துவதில்லை. மனிதன் என்று மெச்சிப் பதக்கம் குத்திவிட்டு, கணக்குக் கேட்கும்போது மட்டும் அம்பு என்று சொல்வது பொருந்தாது.

இந்த இடத்தில் நம் தொண்டூர் மண்ணே நமக்கு வழிகாட்டுகிறது. நம் பாறையிலே சமண முனிவருக்காக வெட்டிய கற்படுக்கைகளையும் அருகே பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டையும் பார்த்திருப்பீர்கள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிக்கிறார்கள். அதில் சொல்லியிருப்பது இத்தனைதான்: இளங்காயிபன் என்பவன் ஏவினான், மோசி என்பவன் செய்தான், இது அகழூரின் அறம். ஒரு சிறிய வேலைக்கு மூன்று பெயர்! ஏவியவன் பெயர் உண்டு. உளி பிடித்தவன் பெயர் உண்டு. எந்த ஊரின் பெயரால் நடந்ததோ அந்த ஊரின் பெயரும் உண்டு. ஒருவரும் விடப்படவில்லை, ஒருவரும் ஒளியவில்லை.

நல்ல காரியத்துக்கு எழுதிய இந்தக் கணக்கைத் தீய காரியத்துக்கும் எழுதிப் பாருங்கள். நகரத்தை எரிக்க ஏவியவர் யார்? எரித்தவர் யார்? எந்த மக்களின் பெயரால் அது நடந்தது? மூவருக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் பிரதம மந்திரி சர்ச்சில் 1945 ஜனவரியில் கீழ் ஜெர்மனியின் நகரங்களைத் தாக்கத் தம் அமைச்சரை அவசரப்படுத்தினார். டிரெஸ்டன் எரிந்தபின் மார்ச் 28-ஆம் தேதி, பயமுறுத்துவதற்காகவே நகரங்களின்மேல் குண்டு போடுவதை மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று தளபதிகளுக்கு எழுதினார். தளபதிகள் வருந்தவே, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று மென்மையாக்கி எழுதினார். யுத்தம் முடிந்தபின் குண்டுவீச்சுப் படைக்கென்று தனிப் பதக்கம் ஒன்றும் ஏற்படுத்தவில்லை. மாண்ட 55,573 பேருக்கு லண்டனில் நினைவுமண்டபம் எழும்பியது 2012-இல். சட்டையில் அணியும் ஒரு சின்னம் கிடைத்தது 2013-இல். அதற்குள் அநேகர் மூத்து மரித்துப்போனார்கள். ஏவிய கை தண்ணீர் கேட்டுக் கழுவிக்கொண்டது. பிலாத்துவின் பாத்திரம் ஒரு நாளும் வற்றுவதில்லை.

குருவாகிய எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் விமானங்கள் புறப்பட்ட தீனியான் தீவில் கத்தோலிக்க ஞானப்பணியாளராக இருந்தவர் சங். ஜார்ஜ் சபெல்கா சுவாமியார். அந்த விமானக்காரருக்கு ஆசீர்வாதம் கொடுத்தவர் அவர். பிற்காலத்தில், நகரத்து மக்களைக் கொல்வது பாவமென்று தாம் ஒருகாலும் அவர்களுக்குப் போதிக்கவில்லையே என்று பகிரங்கமாக மனஸ்தாபப்பட்டு, தம் கடைசிக் காலத்தைச் சமாதானத்துக்காகப் பேசுவதில் செலவிட்டார். அவர் குண்டு போடவில்லை. ஆனால் மூன்று பெயர்களோடு நான்காவதாகத் தம் பெயரையும் தாமே எழுதிக்கொண்டார்.

லிமோஜில் தாழப் பறந்த அந்த செஷயர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1944 செப்டம்பரில் அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஒரு செயலுக்காக அல்ல, நூறு பயணங்களில் நான்காண்டு காட்டிய திடத்துக்காக. 1945-இல் அரண்மனையில் பதக்கம் பெற அவரும் ஜாக்சனும் ஒரே நாளில் போனார்கள். செஷயர் பெரிய அதிகாரி, ஆகவே முதலிடம் அவருக்கு. அவரோ, என்னைவிட அதிகம் துணிந்தவர் இவர், இவருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று அரசரிடம் கேட்டார் என்று ஜாக்சன் பின்னாளில் சொல்லிவந்தார். முறைமை இடங்கொடுக்கவில்லை. இருந்தாலும், தன் மார்புக்கு வரும் பதக்கத்தை அயலான் பக்கம் தள்ளிவிடப் பார்த்த அந்த மனது பதக்கத்தைக் காட்டிலும் உயர்ந்தது.

நாகசாகியில் குண்டு விழுந்தபோது இங்கிலாந்தின் சார்பில் பார்வையாளராக ஒரு விமானத்தில் இருந்து, தொலைவிலிருந்து அந்தப் புகையைப் பார்த்தவரும் இவரே. குண்டு போட்டது தவறு என்று அவர் சொல்லவில்லை. அதனால் யுத்தம் முடிந்து அநேக உயிர் தப்பியது என்றே கருதினார். அதில் நாம் அவரோடு இசைய வேண்டுமென்பதில்லை. ஆனால் 1948-இல், போக்கிடமில்லாமல் செத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியைத் தம் வீட்டிலேயே வைத்துத் தம் கையால் பணிவிடை செய்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். அந்த ஒரு நோயாளியிலிருந்து செஷயர் இல்லங்கள் பல தேசங்களில் கிளைத்தன. 1956-இல் நம் நாட்டிலும், பம்பாய் அந்தேரியில், முதல் இல்லம் ஏற்பட்டது. ஊனமுற்றோரும் தீராத நோயாளரும் கைவிடப்பட்டோரும் அங்கே வீடு கண்டார்கள். 1992-இல் அவர் மரிக்கும் வரையில், யாரைக் காக்கத் துணிந்தான் என்ற கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு எந்த அரசரும் மார்பில் ஒன்றும் குத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, பிரியமானவர்களே, பதக்கம் பெற்ற ஒருவர் நம் ஊருக்கு வந்தால் மாலை போடுங்கள், தாராளமாய்ப் போடுங்கள். அத்தோடு, "உங்களோடு இருந்தவர்கள் யார் யார்?" என்று கேளுங்கள். மாண்ட தோழன் பெயரை அவர் சொல்லும்போது காதுகொடுத்துக் கேளுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய மாலை இல்லை. இரவில் தூக்கமில்லை என்று அவர் சொன்னால், வீரனுக்கு இது அழகா என்று வாயை அடைக்காதீர்கள். அது அவர் மனச்சாட்சி உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு வீரக்கதை சொல்லும்போது, விமானத்துக்கு மேலே இருந்தவனைப்பற்றியும் சொல்லுங்கள், கீழே இருந்தவளைப்பற்றியும் சொல்லுங்கள்.

சண்டைக்கே போகாத நமக்கும் இது பொருந்தும். கடன் வசூலிக்கப் போய் ஏழை வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கி வருகிறவன், "மேலிடத்து உத்தரவு" என்கிறான். உத்தரவு போட்டவன், "நான் தூக்கவில்லையே" என்கிறான். அதனால் லாபமடைந்த ஊர், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்கிறது. மோசியும் இளங்காயிபனும் அகழூராரும் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகத் தங்கள் பெயரை மழையிலும் வெயிலிலும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் செய்யும் காரியத்துக்கும் செய்விக்கும் காரியத்துக்கும் அப்படிப் பெயர் எழுதத் துணிவோமா? துணியாத காரியத்தைச் செய்யாதிருப்போம்.

வருகிற கல்லறைத் திருநாளில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது, ஆகாயத்தில் எரிந்து மாண்ட அந்தப் பிள்ளைகளையும், அவர்கள் போட்ட நெருப்பில் மாண்ட குடும்பங்களையும் ஒரே செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பரலோகத்தில் அவர்களுக்கு நடுவே 20,000 அடி இடைவெளி இருக்காது.

உங்கள் ஞான ஊழியன்,
பங்குக் குரு